சுவிட்சின் பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலி: வீட்டில் பயன்படுத்திய பிறகு ஒரு மதிப்பீடு

நிண்டெண்டோ சுவிட்ச் என்னும் வீடியோ கேம் கருவியைப் பிள்ளைகளுக்கு வாங்கித் தந்த பெற்றோரிடம் பேசும்போது, அக்கருவிக்கென்றே ஒரு பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலி இலவசமாகக் கிடைக்கிறது என்பதைச் சிலர் அறியாமலே இருப்பது தெரிகிறது. கோலாலம்பூரின் செந்தூலில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டில், ஆறாம் ஆண்டிலும் நான்காம் ஆண்டிலும் படிக்கும் இரு மகன்களுக்கும் பொதுவாக ஒரே சுவிட்ச் இருக்கிறது. சென்ற பள்ளி விடுமுறையிலிருந்து இச்செயலியைப் பயன்படுத்தி வருகிறோம். வீடியோ கேமால் நாள்தோறும் வாக்குவாதம் நடக்கும் குடும்பங்களுக்கு இதை மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஆனால், அதிலுள்ள ஓர் அமைப்பை எப்படி வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே அது வீட்டுக்கு நிம்மதி தருமா, புதுச் சண்டைக்கு வழி வகுக்குமா என்பது முடிவாகும்.

இணைப்பது சிரமமில்லை. கைப்பேசியில் செயலியை இறக்கி, நிண்டெண்டோ கணக்கின்வழி உள்நுழைந்து, திரையில் வரும் எண்ணைச் சுவிட்சில் பதிந்தால் போதும். அதன்பின் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் விளையாடலாம், இரவு எத்தனை மணிக்குமேல் கூடாது என்பவற்றை வாரத்தின் ஒவ்வொரு கிழமைக்கும் தனித்தனியாக வரையறுக்கலாம். டியூஷன் உள்ள நாளுக்கு ஓர் அளவு, சனிக்கிழமைக்கு வேறோர் அளவு என்று வைத்துக்கொள்ள இது மிகவும் வசதியாக இருக்கிறது.

நேரம் முடிந்ததும் என்ன நடக்க வேண்டும் என்பதே நான் மேலே சொன்ன அமைப்பு. இதில் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, நேரமாகிவிட்டது என்ற அறிவிப்பைத் திரையில் காட்டிவிட்டு, ஆட்டத்தைத் தொடர விடுவது. மற்றொன்று, ஆட்டத்தை அந்த நொடியிலேயே நிறுத்திவிடுவது. கண்டிப்பு வேண்டும் என்று எண்ணும் பெற்றோர் இரண்டாவதையே முதலில் தேர்ந்தெடுப்பார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். சின்னவன் ஸ்பிளட்டூன் 3 விளையாடிக்கொண்டிருந்தபோது ஆட்டம் பாதியில் நின்றது. அவன் கையிலிருந்த கட்டுப்பாட்டுக் கருவியைச் சோபாவில் வைத்துவிட்டு, "அம்மா, என் டீம்ல மத்த மூணு பேர் என்ன செய்வாங்க?" என்று கேட்டான். அவ்விளையாட்டில் அணிக்கு நால்வர். தரையில் வண்ணம் பூசும் வழக்கமான போட்டி மூன்றே நிமிடங்களில் முடிந்துவிடும். இணையத்தில் நடக்கும் ஆட்டத்தைச் சேமித்து வைத்து மறுநாள் தொடர முடியாது. இடையில் ஒருவர் விலகினால் எஞ்சிய மூவர் பாதிக்கப்படுவார்கள். "இன்னும் கொஞ்ச நேரம்" என்று பிள்ளைகள் கெஞ்சுவது எப்போதும் அடம் ஆகாது என்பதைப் பெரியவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

ஆகவே இப்போது அறிவிப்பு மட்டுமே வருமாறு வைத்திருக்கிறோம். அறிவிப்பு வந்தபோது ஓடிக்கொண்டிருந்த ஆட்டத்தை முடிக்கலாம், அடுத்ததைத் தொடங்கக்கூடாது என்பது எங்களுக்குள் பேசி வைத்த ஏற்பாடு. நேரத்தைத் தாண்டி விளையாடியிருந்தால் அதுவும் என் கைப்பேசியில் பதிவாகிவிடுகிறது. இதனால், நான் சமையலறையிலிருந்து குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டிய நிலை மாறிவிட்டது. அளவு மீறிய நாளில், மறுநாள் காலைப் பசியாறும்போது பதிவைக் காட்டி அமைதியாகப் பேச முடிகிறது.

இரவு நேர வரம்பை நான் இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை என்பது தூக்க மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. காலை ஆறு மணிக்கு எழுந்து பள்ளிக்குப் புறப்படும் பிள்ளை, குறைந்தபட்சத் தூக்கத்துக்கே இரவு ஒன்பது மணிக்குள் கண்ணயர வேண்டும். விறுவிறுப்பான ஆட்டத்தை முடித்த உடனே தூக்கம் வராது என்பதால் எட்டு மணியை எல்லையாக வைத்தோம். கண்ணைப் பொறுத்தவரை செயலியால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. கையில் பிடித்து ஆடும்போது சாதாரண சுவிட்சின் 6.2 அங்குலத் திரை முகத்துக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. ஆகவே எங்கள் வீட்டில் அது வரவேற்பறைத் தொலைக்காட்சியோடு இணைந்தே இருக்கும். பாட்டி உட்பட எல்லாரும் நடமாடும் இடத்தில் விளையாடுவதால், யாரோடு விளையாடுகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்பதும் தெரிகிறது. வெளியில் கழிக்கும் நேரம் கிட்டப்பார்வை தொடங்குவதைத் தள்ளிப்போட உதவுகிறது என்று ஆய்வுகள் காட்டுவதால், ஞாயிறு காலை தித்திவங்சா ஏரிப் பூங்காவுக்குப் போவதை நாங்கள் தவிர்ப்பதில்லை.

செயலி காட்டும் மணிக்கணக்கை வைத்து, பிள்ளை கேமுக்கு அடிமையாகிவிட்டான் என்று முடிவு கட்டுவது தவறு. 2022இல் நடைமுறைக்கு வந்த அனைத்துலக நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் உலகச் சுகாதார நிறுவனம் கேம் விளையாடும் கோளாற்றைச் சேர்த்திருக்கிறது. விளையாட்டைக் கட்டுப்படுத்த இயலாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அதற்கே முதலிடம் தருதல், தீங்கு நேர்ந்தும் தொடர்தல் ஆகியவை வாழ்க்கையைக் கடுமையாகப் பாதிக்கும் அளவில், பொதுவாக 12 மாதங்களுக்கு நீடிப்பதையே அது கோளாறு என்கிறது. அப்படி ஓர் ஐயம் எழுந்தால் மருத்துவரை நாட வேண்டும்.

வாங்குவோர் அறிந்திருக்க வேண்டிய வரம்புகளும் உண்டு. நேர அளவு கருவி முழுவதற்கும் பொதுவானது. அண்ணனுக்கு இவ்வளவு, தம்பிக்கு இவ்வளவு என்று பிரித்து வைக்க முடியாது. யார் எவ்வளவு விளையாடினார் என்பது மட்டும் பதிவில் தனித்தனியாகத் தெரியும். ஆகவே பங்கீட்டை வீட்டிலேயே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். கட்டுப்பாட்டைத் தற்காலிகமாக நீக்கும் ரகசிய எண்ணைப் பிள்ளைகள் ஊகித்துவிடக்கூடும் என்பதால், பிறந்த தேதியை வைக்காதீர்கள். இணையக் கடையில் பணம் செலவழிப்பதைத் தடுக்க, நிண்டெண்டோ கணக்கின் குடும்ப அமைப்பில் தனியாகச் சென்று மாற்ற வேண்டும். கடன் அட்டையைக் கணக்கில் பதிந்திருப்பவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுவது நல்லது.

கைப்பேசியில் விளையாடும் மொபைல் லெஜெண்ட்ஸ் போன்றவற்றின்மீது இச்செயலிக்கு எந்த அதிகாரமும் இல்லை. சுவிட்சை அணைத்த பையன் அப்பாவின் கைப்பேசியை எடுத்துக்கொண்டால் நேர வரம்புக்குப் பொருளே இருக்காது. அதனால் இரவு எட்டு மணிக்கு என் கணவரும் நானும் எங்கள் கைப்பேசிகளைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்துவிடுகிறோம்.