அம்மா முட்டிக்காக அலைஞ்ச மூணு வாரம்

மூணு வாரம் லீவு போட்டு ஊருக்குப் போனேன், அதுல பாதி அம்மாவோட வலது முட்டிக்கே போயிருச்சு. போன்ல கேட்டா "தேஞ்சு போச்சாம்ப்பா, வயசாச்சுல்ல" அப்படின்னு பேச்சை மாத்திருவாங்க, நேர்ல பாத்தாதான் தெரியுது மாடிப்பக்கமே போறதில்ல, சேர்ல இருந்து எந்திரிக்க ரெண்டு கையும் ஊன வேண்டியிருக்கு.

முதல்ல போன ஆஸ்பத்திரில ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம், உள்ள நாலு நிமிஷம். டாக்டர பாக்குறதுக்கு முன்னாடியே எக்ஸ்ரே எடுத்துட்டாங்க. அவர் படத்தைப் பாத்தாரு, முட்டியத் தொடவே இல்ல. "தேய்மானம் கிரேடு 3, எலும்பு உரசுது, நடையக் குறைங்க, ஆபரேஷன் பண்ணி முட்டிய மாத்திரலாம்". கால்சியம், அப்புறம் குருத்தெலும்புக்குன்னு விக்கிற குளுக்கோசமைன் மாத்திரைன்னு மூணு மாசத்துக்கு எழுதிக் கொடுத்தாரு, வெளிய டெஸ்க்ல அதுக்குள்ள ஆபரேஷனுக்கு தேதி கேக்குறாங்க!

எனக்கு மனசு ஒப்பல. கால்சியம் எலும்பு அடர்த்தி குறையுறவங்களுக்கு, இது குருத்தெலும்பும் மூட்டும் சம்பந்தப்பட்டது, ரெண்டும் வேற வேற வியாதி. குளுக்கோசமைனையும் 2006ல அமெரிக்காவுல 1,583 பேர வச்சு சோதிச்சுப் பாத்தாச்சு, வெறும் டம்மி மாத்திரைய விட மொத்தத்துல பெருசா ஒண்ணும் கேக்கல. எக்ஸ்ரே கதையும் அப்படித்தான், படம் மோசமா இருக்கிறவங்க ஜம்முனு நடப்பாங்க, படம் சுமாரா இருக்கிறவங்க வலியில துடிப்பாங்க.

ரெண்டாவதா போனது ஒரு சின்ன பிசியோதெரபி சென்டர், ரெண்டு கட்டில் ஒரு டேபிள் ஃபேன் அவ்ளோதான். அங்க இருந்த பிசியோதெரபிஸ்ட் பொண்ணு எக்ஸ்ரே கவரப் பிரிக்கவே இல்ல. "அம்மா, கைய ஊனாம எந்திரிங்க பாப்போம்"னு சொல்லிட்டு எண்ணுச்சு, ரெண்டு தடவைக்கு மேல முடியல. அப்புறம் டேப் வச்சு ரெண்டு தொடையும் அளந்தா வலது தொடை நல்லாவே இளைச்சிருக்கு. நடந்தா தேஞ்சிரும்னு சித்தி சொன்னதக் கேட்டு ரெண்டு வருஷமா உக்காந்தே இருந்ததுல தசை போச்சு, தசை போனதும் பாரம் பூரா மூட்டு மேல. குச்சிய வேற வலிக்கிற பக்கமே பிடிச்சிட்டு இருந்தாங்க, இடது கைக்கு மாத்தச் சொன்னுச்சு, அந்த ரூமுக்குள்ளயே நடை மாறினத நான் கண்ணால பாத்தேன். சுருட்டின துண்ட முட்டிக்கு அடியில வச்சு அஞ்சு செகண்ட் அமுக்கணும், ஒரு தடவைக்கு பத்து. லேசா வலிச்சா பயப்படாதீங்க, மறுநாள் வரைக்கும் அதிகமா இருந்தா மட்டும் குறைச்சுக்கங்கன்னு சொன்னுச்சு. ஒரு கிலோ எடை குறைஞ்சா ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல விழற பாரம் நாலு கிலோ கிட்ட குறையுமாம், அதக் கேட்டு அம்மா என் தொப்பையப் பாத்தாங்க, அது வேற விஷயம்.

ஆபரேஷனே தப்புன்னு நான் சொல்லல. பண்ணா படுத்த படுக்கைதான்னு பயந்து வருஷக்கணக்கா வலிய இழுத்துட்டுப் போறவங்களும் இருக்காங்க, ஆனா பொதுவா மறுநாளே எந்திரிச்சு நிக்க வைக்கிறாங்க, மாத்தின முட்டில பத்துக்கு எட்டு 25 வருஷம் கூட தாங்குது. ஆனா பயிற்சியே பண்ணிப் பாக்காம அதுக்குப் போறதுதான் எனக்குப் புரியல.

கிளம்புற அன்னைக்கு அம்மா ஒம்போது தடவை எந்திரிச்சாங்க, வலி போகல, குறைஞ்சிருக்கு. அப்ப பாத்து அந்த ஆஸ்பத்திரில இருந்து தேதி கேட்டு மறுபடி போன். அம்மாவே எடுத்து "இப்ப எண்ணிட்டு இருக்கேன், அப்புறம் பேசுங்க"ன்னு வச்சிட்டாங்க.