கோடை நேர மாற்றத்துக்கு காசியோ மல்டி பேண்ட் 6 வாட்ச் சரிவருமா?

கோடையில் ஒரு மணி நேரம் முன்னே, பிறகு பழையபடி என்று வருடத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தை மாற்றும் ஊர்களில் இருப்பவர்களுக்கு, ஆறு வானொலி நிலையங்களின் நேர சிக்னலைப் பிடிக்கும் இந்த வாட்சைத் தயங்காமல் சொல்லலாம். மாற்ற நாள் எது என்று இந்த வாட்ச் தானாகக் கணக்குப் போடுவதில்லை; வானொலி நிலையத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. ஜெர்மனியின் மைன்ஃப்ளிங்கன் (77.5 கிலோஹெர்ட்ஸ்), பிரிட்டனின் ஆன்தோர்ன், அமெரிக்காவின் ஃபோர்ட் காலின்ஸ் (இரண்டும் 60) அனுப்பும் நேரக் குறியீட்டிலேயே கோடை நேரம் நடப்பில் இருக்கிறதா என்பதும் வந்துவிடுகிறது. 2007-இல் அமெரிக்கா தொடக்க நாளை ஏப்ரலிலிருந்து மார்ச்சுக்கு முன்தள்ளியபோது, தேதிகளைச் சிப்பிலேயே பதித்து விற்ற 'ஆட்டோ செட்' கடிகாரங்கள் சில வாரம் ஒரு மணி நேரம் பின்தங்கின. சிக்னல் கேட்கும் வகைக்கு அந்தத் தொல்லையே இல்லை.

ஹோம் சிட்டியை (நீங்கள் இருக்கும் நகரம்) சரியாக வைத்து, டிஎஸ்டியை (கோடை நேர அமைப்பு) 'ஆட்டோ'வில் விடுங்கள். நள்ளிரவிலிருந்து காலை 5 மணிக்குள் வாட்ச் சிக்னலைத் தேடும். மாற்றம் வரும் சனிக்கிழமை இரவு கையிலிருந்து கழற்றி, டயலில் 12 இருக்கும் பக்கம் வெளியே பார்க்கும்படி ஜன்னலோரம் வையுங்கள். கம்ப்யூட்டர், டிவி பக்கத்தில் வேண்டாம். அன்று சிக்னல் கிடைக்காவிட்டால் காலையில் பழைய நேரம்தான் காட்டும். கையால் ஒருமுறை 'ரிசீவ்' கொடுத்து சிக்னலைத் தேடவைத்துப் பாருங்கள்.

பலரும் தடுக்கி விழுவது அரிசோனாவில். ஃபோர்ட் காலின்ஸ் சிக்னல் நாடு முழுமைக்கும் ஒன்றுதான், ஆனால் அரிசோனாவின் தலைநகர் ஃபீனிக்ஸ் கோடை நேரத்தைப் பின்பற்றுவதில்லை. அதே நேர மண்டலத்தில் உள்ள டென்வரை ஹோம் சிட்டியாக வைத்து 'ஆட்டோ'வில் விட்டால் கோடை முழுக்க ஒரு மணி நேரம் கூடுதலாகக் காட்டும். டென்வரையே வைத்து டிஎஸ்டியை 'ஆஃப்' செய்யுங்கள். நிமிடமும் நொடியும் வழக்கம்போல் சிக்னலிலிருந்து வரும். கெய்ரோ போல நிலையங்களின் எல்லைக்கு வெளியே உள்ள நகரங்களுக்கு 'ஆட்டோ' என்ற தேர்வே வராது. எகிப்து 2023-இல் கோடை நேரத்தை மறுபடி கொண்டுவந்ததால், அங்கே எல்லாம் கைவேலைதான்.

பெரிய குறை வேர்ல்ட் டைம், அதாவது வேறு நகரங்களின் நேரத்தைக் காட்டும் வசதி. பல மாடல்களில் அதற்கு டிஎஸ்டியை நகரவாரியாக நாமே மாற்ற வேண்டும். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறும் ஐரோப்பா கடைசி ஞாயிறும் மாறுவதால், இடையில் இரண்டு மூன்று வாரம் லண்டன்–நியூயார்க் இடைவெளி 5 மணியிலிருந்து 4 ஆகிறது. இலையுதிர் காலத்தில் ஒரு வாரம். அந்த நாட்களில் மீட்டிங் வைப்பவர்கள் வேர்ல்ட் டைமை நம்பாமல் போனில் சரிபாருங்கள்.