பரிவர்த்தனையின் எல்லையை யார் வரைவது?

பாளையங்கோட்டையில் பத்தமடைப் பாய் விற்கும் கடை ஒன்றுக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த பில்லிங் மென்பொருளில், ஒரு பாய் விற்றால் இருப்பில் ஒன்று குறைய வேண்டும், பில் பதிவாக வேண்டும், வாங்கியவருக்கு எஸ்எம்எஸ் போக வேண்டும். முதல் இரண்டும் ஒரே பரிவர்த்தனையாக, நடந்தால் சேர்ந்தே நடந்து, இல்லாவிட்டால் சேர்ந்தே ரத்தாக வேண்டும் என்பதில் எங்களுக்குள் சச்சரவு இல்லை. அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை நிரலில் எப்படிச் சொல்வது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சியாக நின்றோம்.

முதலில் எடுத்தது ஆகச் சுலபமான வழி. பைத்தானில் வலைச்செயலி எழுத உதவும் ஜாங்கோவில் 'அடாமிக் ரிக்வெஸ்ட்ஸ்' என்ற அமைப்பை இயக்கிவிட்டால், ஒவ்வொரு வியூவும் (ஒரு கோரிக்கைக்குப் பதில் தரும் நிரல்பகுதி) தானாகவே ஒரு பரிவர்த்தனைக்குள் ஓடும். எக்ஸெப்ஷன், அதாவது பிழை, வெளியே வந்தால் எல்லாம் ரோல்பேக் ஆகிப் பழைய நிலைக்கே திரும்பும். நிரலில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை என்பதே இதன் கவர்ச்சி. ஆனால், வியூ முடியும்வரை, டேட்டாபேஸில் மாற்றிய இருப்பு வரிசையின் (ரோ) லாக், அதாவது மற்றவர் அதை மாற்றவிடாத பூட்டு, விடுபடாது. ஆவணி முகூர்த்தக் கூட்டத்தில் ஒரு மாலை எஸ்எம்எஸ் கேட்வே மந்தமாகிவிட, முதல் கவுண்டர் அதன் பதிலுக்குக் காத்திருக்க, அதே ரகப் பாய்க்குப் பில் போட்ட இரண்டாவது கவுண்டர் அந்த லாக்குக்காகக் காத்து நின்றது. கடைசியில் முதல் கவுண்டரின் காத்திருப்பு டைம்அவுட் ஆகி அதன் பில் ரத்தாயிற்று; எஸ்எம்எஸ்ஸோ அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தது. "தம்பி, மெசேஜ் வந்துட்டு, பில்லு எங்க?" என்று கடைக்கார அண்ணாச்சி கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை. டேட்டாபேஸ் ரோல்பேக் செய்யலாம், போன குறுஞ்செய்தியைத் திரும்பப் பெற முடியாது. ஜாங்கோ 1.9 முதல் இருக்கும் 'ஆன் கமிட்' வசதியில் எஸ்எம்எஸ் அழைப்பைப் போட்டிருந்தால், மாற்றங்கள் நிலையாகப் பதிவாகி கமிட் ஆன பிறகே அது ஓடியிருக்கும்.

ஜாவாவின் ஸ்பிரிங் கட்டமைப்பில் பழகியவர்கள் பரிந்துரைப்பது, மெத்தடின் (கிளாஸுக்குள் எழுதும் செயல்பாடு) தலையில் 'ட்ரான்சாக்‌ஷனல்' என்ற குறிப்பை எழுதும் முறை. எல்லை சர்வீஸ் மெத்தட் அளவுக்குச் சுருங்குவதால், முந்தைய வழியைவிட இது நிச்சயம் மேல். ஆனால் இந்தக் குறிப்பு வழக்கமாக, மெத்தடுக்கு முன்னால் நின்று அழைப்பை வாங்கும் ஒரு ப்ராக்ஸி வழியாகவே வேலை செய்கிறது. ஒரே கிளாஸுக்குள் ஒரு மெத்தட் இன்னொன்றை நேரே அழைத்தால் ப்ராக்ஸி குறுக்கே வராது, குறிப்பு இருந்தும் பரிவர்த்தனை தொடங்காது. இதைவிட மோசமானது, செக்டு எக்ஸெப்ஷன் (ஜாவாவில் கையாளவோ அறிவிக்கவோ கட்டாயமான வகைப் பிழை) வந்தால் இயல்புநிலையில் ரோல்பேக் ஆகாமல் கமிட் ஆகிவிடுவது: இருப்பு குறைந்திருக்கும், பில் இருக்காது. எதற்கெல்லாம் ரோல்பேக் வேண்டும் என்பதைக் குறிப்பிலேயே எழுதியாக வேண்டும்.

மூன்றாவது, ஜாங்கோவின் 'அடாமிக்', பைத்தானின் இன்னொரு டேட்டாபேஸ் நூலகமான எஸ்க்யூஎல்ஆல்கெமியின் 'செஷன் பிகின்' போன்ற, தொடக்கமும் முடிவும் நிரலிலேயே தெரியும் வெளிப்படையான பிளாக். என் ஓட்டு இதற்குத்தான். டேட்டாபேஸ் வரிசைகளை நிரலில் ஆப்ஜெக்டுகளாகக் கையாளும் ஓஆர்எம்மில் ஆப்ஜெக்டின் மதிப்பை மாற்றிய வரிக்கும் எஸ்க்யூஎல் கட்டளை ஓடும் நேரத்துக்கும் தொடர்பு தெரியாமல் போவது வழக்கம். எஸ்க்யூஎல்ஆல்கெமியும் ஜாவாவின் ஹைபர்னேட்டும் மாற்றங்களைச் சேர்த்துவைத்து, டேட்டாபேஸுக்குத் தள்ளும் ஃபிளஷ்ஷின்போதே அனுப்புகின்றன. எல்லையாவது கண்ணுக்குத் தெரியட்டும் என்பது என் கட்சி. இதிலும் வழுக்கல் உண்டு. ஜாங்கோவில் உள்ளே இன்னொரு பிளாக் வந்தால் அது சேவ்பாயிண்ட், அதாவது அதுவரை மட்டும் திரும்பக்கூடிய இடைப்புள்ளி, மட்டுமே. அதிலிருந்து வெளியேறுவது கமிட் ஆகாது. டேட்டாபேஸ் பிழையை பிளாக்குக்கு உள்ளேயே பிடித்து விழுங்கினாலும் ஆபத்துதான். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், பிழைபட்ட பரிவர்த்தனையில், ரோல்பேக் ஆகும்வரை அடுத்த குவெரி எதையும் ஏற்காது.

ஒரே ஒரு பாய் மிச்சமிருக்க இரண்டு கவுண்டர்களும் 'இருப்பு 1' என்று படித்து இரண்டும் விற்பதை, மேற்சொன்ன மூன்றில் எதுவும் தானாகத் தடுக்காது. போஸ்ட்கிரெஸின் இயல்புநிலையான 'ரீட் கமிட்டட்' (மற்றவர் கமிட் செய்ததை மட்டும் படிக்கும் நிலை) அதை அனுமதிக்கிறது. வாடிக்கையாளர் எதிரே நிற்கும் கடைக்கு, படிக்கும்போதே வரிசையைப் பூட்டும் 'செலக்ட் ஃபார் அப்டேட்' போதும். அதைப் பரிவர்த்தனைக்கு வெளியே ஓட்டினால் ஜாங்கோ பிழை காட்டி நிறுத்திவிடும் என்பது கூடுதல் ஆதாயம். இணையத்தில் ஒருவர் பக்கத்தைத் திறந்துவைத்து யோசித்துக்கொண்டிருக்கும் இடத்திலோ, வரிசையைப் பூட்டாமல், படித்த வெர்ஷன் எண் மாறியிருக்கிறதா என்று சேமிக்கும்போது ஒப்பிடும் முறையே பொருந்தும்.

இப்போது அண்ணாச்சி கடை நிரலில் அடாமிக் ரிக்வெஸ்ட்ஸ் அணைக்கப்பட்டிருக்கிறது; பில் போடும் வியூவில் மட்டும் ஒரு பிளாக், அதில் பூட்டுதலும் இருப்பும் பில்லும். எஸ்எம்எஸ் கமிட்டுக்குப் பிறகுதான் கிளம்புகிறது. அது போகாத நாளில் அண்ணாச்சி பில்லைக் கையிலேயே கொடுத்துவிடுகிறார்.