ரோஜா மணக்கும் வெள்ளை ஒயின்: கெவூர்ஸ்ட்ராமினரா, மஸ்கட்டா, டொரொன்டேஸா?

லேபிளை மறைத்து ஊற்றிய வெள்ளை ஒயினில் பூ மணம் தூக்கலாக வந்தால் பெரும்பாலும் இந்த மூன்று திராட்சை வகைகளில் ஒன்றாக இருக்கும். இப்படி லேபிள் பார்க்காமல் சுவைத்துக் கண்டுபிடிக்கும் பிளைண்ட் டேஸ்டிங் பழக நான் அளவுகோலாக வைத்துக்கொண்டது கெவூர்ஸ்ட்ராமினர். அதை நன்றாகப் பிடித்துக்கொண்டால் மற்ற இரண்டையும் பிரிப்பது சுலபம்.

நிறம் ஓரளவுக்குத்தான் உதவும். கெவூர்ஸ்ட்ராமினரின் தோல் இளஞ்சிவப்பு என்பதால் ஒயின் சற்று அடர்ந்த பொன்னிறமாக இருக்கும், சில சமயம் செம்புச் சாயலும் தெரியும்.

மணத்தில் அதற்கு லிச்சியும் ரோஜாவும். லிச்சி என்பது வெறும் கற்பனை இல்லை. ரோஸ் ஆக்ஸைடு என்ற ஒரே சேர்மம் பழத்திலும் ஒயினிலும் இருக்கிறது. மஸ்கட்டில் ஆரஞ்சுப் பூவோடு பச்சைத் திராட்சையின் மணமே வரும். டொரொன்டேஸ்தான் குழப்பும். அர்ஜென்டினாவில் பேர்பெற்ற ரியோஹானோ வகை, அலெக்ஸாண்டிரியா மஸ்கட்டின் வாரிசு. தாயின் வாசனை அப்படியே ஒட்டியிருக்கிறது.

அதனால் மூக்கை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். எனக்குத் தீர்ப்புச் சொல்வது புளிப்பு. ஒரு வாய் எடுத்துத் துப்பிவிட்டு, தலையைக் கொஞ்சம் குனிந்து, தாடை ஓரங்களில் எச்சில் ஊறுகிறதா என்று பாருங்கள். பிரான்ஸின் அல்சாஸ் பகுதிக் கெவூர்ஸ்ட்ராமினர் என்றால் அவ்வளவாக ஊறாது. நாக்கில் எண்ணெய்ப் பதம், தொண்டையில் 14 சதவீதத்தை ஒட்டிய ஆல்கஹாலின் சூடு, கடைசியில் லேசான கசப்பு. சால்ட்டா மாகாணத்தின் கஃபாயாதேயில் டொரொன்டேஸ் விளைவது சுமார் 1,700 மீட்டர் உயரத்தில். இரவுக் குளிர் புளிப்பைக் காப்பாற்றிவிடும், வாய் சட்டென்று ஊறும். அதிலும் முடிவில் கசப்பு உண்டு என்பதால் கசப்பை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். அல்சாஸின் உலர் (இனிப்பில்லாத) மஸ்கட்டிலும் புளிப்பு மிதமாகத்தான் இருக்கும், ஆனால் வாயில் கனம் குறைவு. அந்தத் தொண்டைச் சூடு இருக்காது.

வியோனியே என்ற இன்னொரு வெள்ளைத் திராட்சையின் ஒயினும் கெவூர்ஸ்ட்ராமினர் போலவே புளிப்புக் குறைந்தது, சூடானது. ஆனால் அதில் பாதாமி (ஆப்ரிகாட்) மணம் முன்னே நிற்கும், லிச்சி வராது.

திராட்சையை நன்றாகப் பழுக்கவிட்டுப் பறிக்கும் தாமத அறுவடை இனிப்பு ஒயின்களில் என் பழக்கம் குறைவு. சர்க்கரை புளிப்பை மூடிவிடுவதால் அங்கே இந்தச் சோதனையை நான் அவ்வளவாக நம்புவதில்லை, லிச்சி மணத்தைத்தான் முதலில் தேடுவேன். கிளாஸ் ஜில்லென்று வந்தால் அந்த மணமும் அடங்கிக் கிடக்கும், கொஞ்சம் சூடேற விட்டு மறுபடி முகர வேண்டும்.