‘30 நாள் கை வைக்க வேண்டாம்’ என்று விற்ற பூனை மணல்: வாங்கி ஏமாந்த கதை

பூனை வளர்ப்பவர்கள், அதிலும் ஆண் பூனை வளர்ப்பவர்கள், இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். ஒரு மூட்டை மணலில் நான் ஏமாந்தேன். காசு போனது போகட்டும், என் பூனை பஞ்சுவே போயிருப்பான்.

பஞ்சுவுக்கு நாலு வயது. கருத்தடை செய்த ஆண். குட்டியிலிருந்தே அவனுடைய கழிப்பறைப் பெட்டிக்கு வாசனை சேர்க்காத பென்டோனைட் என்ற களிமண் மணல்தான் பழக்கம். மூத்திரம் பட்ட இடம் உருண்டை கட்டிக்கொள்ளும். கரண்டியால் அள்ளிப் போட்டுவிட்டுக் குறைந்த அளவுக்குப் புதுமணல் சேர்த்தால் போதும். அன்றைக்குக் கடையில் அந்த மணல் தீர்ந்துவிட்டது. கடைக்காரர் உள்ளே போய் வேறொரு மூட்டையைத் தூக்கி வந்தார். “இது புதுசு சார். 30 நாள் கை வைக்கவே வேணாம். கிருமிநாசினி கலந்தது, நாத்தமே வராது.” அதற்குத் தோதாக, மூடியும் ஆடும் கதவும் வைத்த பெட்டி ஒன்றையும் தலையில் கட்டினார். பழைய திறந்த பெட்டியைத் தூக்கிப் போடுங்கள் என்றார், போட்டேன். அவர் பேச்சுத் திறமையை மட்டும் குறை சொல்ல மாட்டேன். தினமும் குனிந்து அள்ளும் வேலை ஒழிந்தது என்று எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்.

மூட்டையைப் பிரித்தபோதே சுதாரித்திருக்க வேண்டும். கொட்டும்போது புகை மாதிரித் தூசி எழுந்தது. கழிப்பறையில் தொங்கவிடும் வாசனை வில்லையை மூக்கருகே வைத்தது போல ஒரு நெடி. தயாரித்தவர் முகவரி இல்லை, என்ன பொருள் என்று ஒரு வரி இல்லை. சிரிக்கும் பூனைப் படம் மட்டும் பெரிதாக இருந்தது.

பஞ்சு அந்தக் கதவை முட்டித் தள்ளி, முகர்ந்து பார்த்து, வெளியே வந்து என்னையே பார்த்தான். முதல் சில நாட்கள் வேறு வழியில்லாமல் போனான். ஆனால் வேலை முடிந்ததும் மண்ணைத் தள்ளி மூடாமல் பாய்ந்து ஓடி வந்துவிடுவான். முன்பெல்லாம் ஐந்து நிமிடம் தோண்டி மூடுகிறவன். ஐந்தாம் நாள் என் படுக்கையில் மூத்திரம் போனான்.

கடைக்குப் போன் செய்தேன். “பூனைக்குத் திமிர் சார். ரெண்டு நாள் பட்டினி போடுங்க, தானா வழிக்கு வரும்” என்றார். நல்ல வேளை, அதை நான் செய்யவில்லை. பூனை சில நாள் சாப்பிடாமல் கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகலாம் என்று பிற்பாடு டாக்டர் சொன்னபோது எனக்கு வியர்த்துவிட்டது. மணலோடு ஒரு பாட்டில் திரவமும் இலவசமாகக் கொடுத்திருந்தார், பெட்டி கழுவ. தண்ணீரில் ஊற்றினால் பால் போல வெளுக்கும் வகை. அதில் ஃபீனால் என்ற ரசாயனம் இருக்க வாய்ப்பு அதிகம். பூனையின் கல்லீரலால் அதைச் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது. பெட்டியில் ஒட்டியிருப்பது பாதத்தில் பட்டு, அதை நக்கினால் போதும். நான் அதைத் திறக்காமலே வைத்திருந்தது என் சோம்பலால் நடந்த ஒரே நல்லது.

பதினோராம் நாள் இரவு. பஞ்சு பெட்டிக்குள் போவதும் வருவதுமாக இருந்தான். உள்ளே குந்துவான், முக்குவான், ஒன்றும் வராது. மலச்சிக்கல் என்று நினைத்துக்கொண்டு நான் போய்ப் படுத்துவிட்டேன். அதிகாலையில் குளியலறைத் தரையில் குந்தியபடி ஒரு குரல் கொடுத்தான். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்த உடனே முகம் மாறிவிட்டார். மூத்திரப்பை கல் போல இறுகியிருந்தது. மூத்திரக் குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. ஆண் பூனைக்கு அந்தக் குழாய் மிகவும் குறுகல். அடைத்துவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுபோகலாம். 24 முதல் 48 மணி நேரம்தான் அவகாசம், சில சமயம் அதுவும் இல்லை. மயக்க மருந்து கொடுத்து, குழாய் செருகி வடிய வைத்தார்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான்.

அந்த அவசரத்திலும் டாக்டர் கேட்ட கேள்வி ஒன்று: “நேத்து எத்தனை உருண்டை அள்ளினீங்க? எவ்வளவு பெரிசு?”

என்னிடம் பதில் இல்லை. அந்த மணலில் உருண்டையே கட்டாது. எல்லாம் அடியில் இறங்கிச் சேறாகிவிடும். மேலே வாசனை, கீழே சேறு, 30 நாள் தொடவே வேண்டாம் என்ற வாக்கு வேறு. பழைய மணலாக இருந்தால் வழக்கமாக இரண்டு மூன்று பெரிய உருண்டை வருகிற இடத்தில் ஏழெட்டுச் சின்னச் சின்ன உருண்டையாகக் கிடந்திருக்கும். அல்லது ஒன்றுமே கிடந்திருக்காது. இரண்டில் எது என்றாலும் அன்றைக்கே ஓடியிருப்பேன். அந்த மணலால்தான் அடைப்பு வந்தது என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். பெட்டி பிடிக்காமல் அடக்கி வைப்பதும், மன உளைச்சலும் பூனையின் மூத்திரப்பைக்கு நல்லதல்ல என்று மட்டும் சொன்னார். ஆனால் நோயை என் கண்ணில் படாமல் மறைத்தது அந்த மணல்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கடைக்குத் திரும்பப் போனேன். “பிரிச்ச மூட்டையை எடுக்க மாட்டோம் சார். மத்தவங்க யாரும் புகார் சொல்லலை.” பில் கேட்டேன், கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றார். வாங்கும்போதே பில் கேட்காதது என் தப்பு.

இனி உருண்டை கட்டும் மணல் என்று யார் என்ன கொடுத்தாலும் நான் செய்வது இதுதான். ஒரு பழைய கிண்ணத்தில் நாலு விரல் உயரம் மணல் போட்டு, நடுவில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் விடுகிறேன். நல்ல பென்டோனைட் என்றால் ஒரே கட்டியாகத் தூக்கலாம், அடிப்பக்கம் உலர்ந்திருக்கும். நான் வாங்கிய சரக்கு கூழாகிக் கிண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. பத்து நிமிட வேலை, வாங்கிய அன்றே செய்திருக்கலாம். புது மணலை ஒரே நாளில் மாற்றவும் கூடாதாம். பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒன்றிரண்டு வாரத்தில் மாற்ற வேண்டும். சின்னக் குட்டிகள் மணலைத் தின்று பார்க்கும் என்பதால் அவற்றுக்கு உருண்டை கட்டும் வகையே வேண்டாம்.

‘30 நாள்’ என்ற பேச்சு இன்னொரு விதத்திலும் ஆபத்து. டாக்ஸோபிளாஸ்மா என்ற, வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடிய கிருமி உள்ள பூனையின் மலம், வெளியே வந்து ஒன்று முதல் ஐந்து நாளில்தான் தொற்றும் நிலைக்கு வரும். தினமும் அள்ளினால் அதற்குள் அது வீட்டைவிட்டுப் போய்விடும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பெட்டி வேலையை வேறு யாராவது பார்க்க வேண்டும்.

பஞ்சு வீடு திரும்பிய அன்று அந்த மூடிப் பெட்டியின் அடியில் பிடித்திருந்த சேற்றின் மேல் பிளீச் ஊற்றினேன். கண்ணும் தொண்டையும் எரிய, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே ஓடினேன். மூத்திரத்தில் உள்ள அமோனியாவும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரமைன் என்ற நச்சு வாயு வரும். பள்ளியில் படித்ததுதான், நினைவு வரவில்லை. இப்போது வெந்நீரும் வாசனையில்லாத சோப்பும் மட்டும்.

பெட்டி இப்போது இரண்டு, திறந்தவை, பஞ்சுவின் உடம்பைப் போல ஒன்றரை மடங்கு நீளம். பூனை எத்தனையோ அதற்கு ஒன்று கூட என்பது கணக்கு. காலையும் இரவும் அள்ளுகிறேன், எண்ணுகிறேன். நேற்று மூன்று.

மிச்ச மூட்டை வண்டி நிறுத்தும் இடத்தில் கிடக்கிறது. 1947இல் அமெரிக்காவில் எட்வர்ட் லோ என்பவர் பூனைக்காகக் களிமண் விற்கத் தொடங்குவதற்கு முன், அதே வகைக் களிமண்ணைச் சிந்திய எண்ணெயை உறிஞ்சுவதற்கு விற்றுவந்தார்களாம். சரி, அதற்காவது ஆகட்டும் என்று வண்டிக்கு அடியில் ஒழுகிய ஆயிலில் ஒரு கை அள்ளிப் போட்டேன். அதிலும் கூழாகத்தான் கிடக்கிறது.