என் பழைய என்டர்பிரைஸ் பாய்ப்படகு: மூன்று வருடம் கழித்து

இரண்டு வாரம் முன்பு தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். "அண்ணே, பாண்டிச்சேரியில உங்க படகு மாதிரியே ஒண்ணு விலைக்கு வருதாம். நீங்க குடுத்ததுல பாதிதான் சொல்றாங்க. வாங்கலாமா?"

அவன் கேட்ட நேரம் சரியில்லை. எங்கள் காரைக்குடி வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தில், முக்காலிகள் மேல் ஏற்றி வைத்த படகுக்கு அடியில் மல்லாக்கப் படுத்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன். மூக்கில் மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்போது வாயில் வந்ததை எழுத முடியாது. அதனால் அவனுக்கும், இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் நிதானமாக எழுதுகிறேன். நிதானம் எவ்வளவு தூரம் வரும் என்று பார்ப்போம்.

என்டர்பிரைஸ் என்ற இந்தப் படகு வகையின் விவரங்களைத் தேடினால் கிடைத்துவிடும். 1956-இல் ஜாக் ஹோல்ட் என்ற ஆங்கிலேயர் வரைந்தது. நீளம் 4.04 மீட்டர், இரண்டு பேர் ஓட்டுவது, நீலப் பாய். சாதாரண ஆட்கள் வீட்டிலேயே பிளைவுட்டை வெட்டி ஒட்டித் தாங்களே கட்டிக்கொள்ளலாம் என்று வரையப்பட்டது. இந்தக் கடைசி வரியில்தான் நான் விழுந்தேன்.

டோக்கியோ ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற நேத்ரா குமணன் சென்னைப் பெண் என்று பேப்பரில் படித்தபோது எனக்கு வயது 44. கடல் தாண்டிக் கொண்டுவிக்கப் போன, அதாவது வியாபாரத்துக்குப் போன, பரம்பரைதான். ஐயாவின் ஐயா ரங்கூனுக்குப் போனவர், ஆனால் டிக்கெட் எடுத்து நீராவிக் கப்பலில் போனவர். எங்கள் வகையில் காற்றைப் பிடித்துப் படகு ஓட்டியவர் யாரும் இல்லை, நீச்சல் தெரிந்தவரே இரண்டு பேர்தான். சென்னையில் ஐந்து நாள் வகுப்புக்குப் போனேன். இரண்டு நாள் வாந்தி, மூன்றாம் நாள் பாயின் அடியில் இருக்கும் கட்டை, பூம் என்பார்கள், மண்டையில் அடித்தது, ஐந்தாம் நாள் ஒரு பழைய படகுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன். படகுக் கழகம் எது, விற்றவர் யார் என்பது வேண்டாம். "சின்ன டச்சப் வேலைதான் சார்" என்று சொன்ன வாய் நன்றாக இருக்கட்டும்.

பிக்கப் வண்டியில் கவிழ்த்துப் போட்டுக் கொண்டுவந்தோம். முகப்பு நிலையைத் தாண்ட, ஆறு பேர் படகைக் கட்டில் மாதிரி ஒருக்களித்துப் பிடித்தார்கள். வீட்டில் எங்களுக்கு ஒரு பங்குதான். மற்றப் பங்காளிகளிடம் "மூணு மாசத்துல எடுத்துடுவேன்" என்று சொன்னேன். அப்புறம் ஒரு சாந்தி, ஒரு கல்யாணம் அதே வளவில் படகோடு நடந்தன. பந்திக்கு வந்த வாழையிலைக் கட்டெல்லாம் படகுக்குள்தான் இருந்தது. கடலில் இறங்காத வெறும் படகுக்கு அந்த உபயோகமாவது இருந்ததே.

இனி என் பிரச்சினைக்கு வருகிறேன். எனக்கு இருப்பது ஒரே பிரச்சினை: சென்டர்போர்டு பெட்டி.

பாய் மட்டும் இருந்தால் காற்று தள்ளுகிற பக்கம்தான் போக முடியும், கடலில் விழுந்த பிளாஸ்டிக் பை மாதிரி. காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து முன்னேற வேண்டுமானால், படகு பக்கவாட்டில் நழுவாமல் தண்ணீருக்குள் ஏதாவது பிடிக்க வேண்டும். அதற்காகப் படகின் நடுவில், அடியில், நீளமாக ஒரு பிளவு வெட்டியிருப்பார்கள். அதன் வழியாக ஒரு பலகை கீழே இறங்கும், ஒரு போல்ட்டில் சுழலும். எங்கள் ஆசாரி அதை நடுப்பலகை என்பார். பிளவைச் சுற்றி மரத்தில் ஒரு பெட்டி. ஆக, கடலில் போகிற படகின் அடியில் வேண்டுமென்றே ஓட்டை போட்டுவிட்டு, ஆயுள் முழுக்க அதற்குக் காவல் இருக்க வேண்டும்.

என் படகில் அந்தப் பெட்டியின் அடிமரம் உளுத்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினால் பணியாரத்தில் குத்திய குச்சி மாதிரி உள்ளே போகும். ஆசாரி கதவு, நிலை, தூண் வேலையில் பெயர் எடுத்தவர். இடித்த வீட்டுத் தேக்கு உத்தரம் ஒன்றிலிருந்து புதுப் பெட்டி செய்தார். கழுந்து, துளை எல்லாம் கோயில் வேலை மாதிரி. பலகைக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு தாள்கூட நுழையாது. "பாருங்க, எப்படி உட்கார்ந்திருக்கு" என்று பலகையை ஏற்றி இறக்கிக் காட்டினார். எனக்கும் பெருமையாக இருந்தது. தொண்டிக் கரையில் இறக்கிய நாற்பதாவது நிமிடம் பலகை தண்ணீரில் ஊறி உப்பிப் பெட்டிக்குள் இறுகிவிட்டது. இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. மழைக்காலத்தில் கதவு உப்பும் என்று கதவுக்கு இடம் விடுகிற மனிதர், கடலுக்குள் போகும் பலகைக்கு இடம் விடவில்லை. கேட்டேன். "கதவு வேற, தம்பி. அதை எத்தனையோ வருசமாப் பார்க்கிறேன்" என்றார். நியாயம்தான்.

இழைத்துத் தளர்த்தினோம், இறுக்கம் போயிற்று, ஒழுகல் வந்தது. அரை மணி நேரத்தில் கணுக்கால் நனையும். ஒரு கையில் சுக்கான், ஒரு கையில் பாய்க் கயிறு, தண்ணீர் இறைக்க மூன்றாவது கை கிடையாது. கடைக்காரர் ஒருவர் "எல்லாத்துக்கும் இதுதான் சார்" என்று பாலியெஸ்டர் ரெசின் கொடுத்தார். அது மரத்தில் சரியாகப் பிடிக்காது, இரண்டே மாதத்தில் அப்பளம் மாதிரி உரிந்து வந்தது. மரத்துக்கு எபாக்ஸிதான் சரி என்று பிறகு தெரிந்துகொண்டு, அதையும் வாங்கி, மே மாத மத்தியானத்தில் ஒரு பிளாஸ்டிக் மக்கில் மொத்தமாகக் கலந்தேன். எபாக்ஸி இறுகும்போது சூடு கிளம்பும். ஒரே பாத்திரத்தில் நிறைய இருந்தால் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் இன்னும் வேகமாக இறுகும். நான் பிரஷ் தேடிவிட்டு வருவதற்குள் மக்கு புகைந்தது, அடி உருகி ஆத்தங்குடித் தரையில் ஒட்டிக்கொண்டது. அந்த ஒரு கல்லை மாற்றியதற்கான செலவையும் படகுக் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறேன். யாராவது செய்வதானால், வெயில் தாழ்ந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, அகலமான தட்டில் கலக்கவும்.

நடுவில் கற்றுக்கொண்டதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாகாது. பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். தொண்டிப் பக்கம் வெகுதூரம் இடுப்பளவு, மார்பளவுதான், அடியில் சேறும் கடற்புல்லும். புதிதாகப் பழகுபவனுக்கு இது வரம் என்று நினைத்தேன். ஆனால் நடுப்பலகையை முழுக்க இறக்கினால் தரை தட்டும், புல் வந்து பிளவில் அடைத்துக்கொள்ளும். பாதி ஏற்றினால் படகு நண்டு மாதிரி பக்கவாட்டில் நழுவும்.

ஓர் ஆடி மாதக் காலையில் கடல் தாம்பாளம் மாதிரி கிடந்தது. கரையில் ஒரு பெரியவர், வாலிபத்தில் வத்தை என்ற நாட்டுப்படகில் பாய் போட்டுப் போனவர், "இன்னிக்கு வேணாம்ப்பா, கச்சான்" என்றார். தொண்டி கிழக்கு பார்த்த கரை. மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் கரையிலிருந்து கடலை நோக்கிப் போகும், அதனால் கரையோரம் அலையே தெரியாது. எனக்கு அது உறைக்கவில்லை, போய்விட்டேன். போவது சுகமாக இருந்தது. திரும்பும்போதுதான் தெரிந்தது. பலகை புல்லில் சிக்கிப் பாதியில் நின்றுவிட்டது. எத்தனை முறை திருப்பினாலும் கரை அதே தூரத்தில் இருந்தது, இல்லை, தள்ளிப் போனது. கடைசியில் பாயை இறக்கிவிட்டுத் தண்ணீரில் குதித்தேன். மார்பளவு. அணியத்துக் கயிற்றை, அதாவது படகின் முன்பக்கக் கயிற்றை, தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். ஒரு வள்ளத்துக்காரர் பக்கத்தில் வந்து, "காலைத் தூக்கி வைக்காதீங்க, தேய்ச்சு நடங்க, திருக்கை கிடக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். முக்கால் மணி நேரம் தேய்த்து நடந்தேன். கரையில் பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, பீடியை மட்டும் நீட்டினார். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை, ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து அவர்தான் வாத்தியார். வகுப்பில் மெயின்ஷீட் என்று சொல்லிக் கொடுத்த பாய்க் கயிற்றுக்கு அவர் வாயில் தாமான் என்று பெயர். "தாமானைக் கட்டி வைக்காதே, கையிலயே வை. காத்து உன்னைக் கேட்டுக்கிட்டு வராது." காற்று திடீரென்று உரத்தால் கயிற்றை விட்டுவிட வேண்டும், பாய் படபடக்கும், படகு நிமிரும். இதைக் கட்டி வைத்திருந்த அன்றுதான் கவிழ்ந்தேன். ஆழமில்லாத கடலில் கவிழ்ந்தால் பாய்மரத்தின் நுனி சேற்றில் குத்திக்கொள்ளும் என்று எந்த வகுப்பிலும் சொல்லவில்லை. கவிழ்ந்த படகை நிமிர்த்த, பக்கவாட்டில் நீட்டி நிற்கும் அந்த நடுப்பலகை மேல்தான் ஏறி நிற்க வேண்டும். நான் இவ்வளவு வைத பலகை, அன்று என் எழுபத்தெட்டு கிலோவையும் தாங்கியது.

பழகுபவர்களுக்கு என் கணக்கு: விசைப்படகுத் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மத்தியானத்துக்கு மேல். வெயில் கொளுத்தும், ஆனால் கடல்காற்று கரையைப் பார்த்து அடிக்கும், தவறு செய்தாலும் கரையில்தான் கொண்டுவந்து போடும். நாட்டுப்படகுகளின் நண்டு வலை அப்போதும் கிடக்கும், மிதவையைப் பார்த்து ஒதுங்கவும். ஒரு வலையைச் சுக்கானால் கிழித்துவிட்டுப் பணம் கொடுத்தவன் சொல்கிறேன். வாடை கிளம்பினால் படகை ஏற்றிவிட வேண்டும், அதில் பேச்சே இல்லை. லைஃப் ஜாக்கெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

இனி மஞ்சள் தண்ணீருக்கு வருகிறேன். மூன்று வருடமாகப் பெட்டியின் மூட்டுகளைத்தான் அடைத்துக்கொண்டிருந்தோம். பெரியவர் பங்குக்கு, வள்ளத்துக்கு வைப்பது மாதிரி பஞ்சும் குங்கிலியமும் வைத்துக் கொடுத்தார். ஒழுகல் குறைந்தது, நிற்கவில்லை. எங்கள் வீட்டு மோட்டாரைப் பார்க்க வந்த பம்புசெட் மெக்கானிக் படகைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "போல்ட்டைப் பார்த்தீங்களா?" என்றார். பார்க்கவில்லை. படகை நிமிர்த்தி வைத்து, பலகையைக் கழற்றி, போல்ட்டை மட்டும் மாட்டி, உள்ளே பத்துப் பன்னிரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, இரண்டு கை மஞ்சள்தூளைக் கரைத்தோம். பழைய வேட்டியைக் கிழித்து ஒரு சட்டத்தில் சுற்றி, அடியிலிருந்து பிளவுக்குள் விட்டு எடுத்தேன். துணியில் ஒரே ஓர் இடத்தில், எட்டணா அளவில், மஞ்சள் வட்டம். மூட்டுகளில் பொட்டு ஈரம் இல்லை. போல்ட் துளை தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தது, தண்ணீர் மூன்று வருடமும் அந்த வழியாகவே வந்திருக்கிறது.

பெரியாத்தா வளவுப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "படகுக்கு மஞ்சள் நீராட்டா? மூணு வருசம் கழிச்சுத்தான் பெரிய மனுசியாச்சா?" என்றார். மெக்கானிக் துளையைச் சரியாக்கி, லாரி டியூபில் வாசர் வெட்டி, இரண்டு பக்கமும் பித்தளை வாசரோடு இறுக்கினார். கூலி முந்நூறு ரூபாய். இதுவரை ரெசினுக்கும் தேக்குக்கும் கொடுத்ததை இங்கே எழுதினால் வீட்டில் யாராவது படித்துவிடுவார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை இறக்கினேன். இரண்டு மணி நேரம் ஓட்டினேன். உள்ளே ஒரு சொட்டு இல்லை. கால் விரலைத் தரையில் வைத்து வைத்துப் பார்த்தேன், காய்ந்த மரம். சந்தோஷப்பட வேண்டியதுதானே?

இத்தனை நாள் நான் யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. காற்றைப் பக்கவாட்டில் வாங்கி, படகு வேகமெடுத்து அணியம் லேசாகத் தூக்கும்போது, அந்த நடுப்பலகை முனகும். முதலில் பாதத்தில் ஒரு கிறுகிறுப்பு, அப்புறம் பெட்டி முழுக்க 'ம்ம்ம்' என்று ஒரே சுருதி, யாரோ அடியில் உட்கார்ந்து தம்புரா மீட்டுவது மாதிரி. வேகம் கூடினால் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும். கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அதைக் கேட்பதற்காகத்தான் மூன்று வருடம் காரைக்குடிக்கும் தொண்டிக்கும் அலைந்தேன் என்றால் பொய்யில்லை.

ஞாயிற்றுக்கிழமை அது முனகவில்லை. நல்ல காற்று, நல்ல வேகம், சத்தமே இல்லை. திங்கள்கிழமை ஆசாரியிடம் போனேன். "பலகையைக் கழட்டினீங்களே, பின் ஓரம் மழுங்கி அசிங்கமா இருந்துச்சு, சீவி நறுவிசா விட்டேன்" என்றார். அந்த மழுங்கிய ஓரத்தைத் தாண்டும் தண்ணீர் சுழன்று சுழன்று பிரிவதில்தான் பலகை அதிர்ந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் அந்தச் சத்தம் பிடிக்காமல் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்களாம். ஆசாரி காசுகூட வாங்கவில்லை. அவரிடம் என்ன சண்டை போடுவது?

சரி, தம்பி, உன் கேள்விக்கு வருகிறேன். பாய் தைத்த விதத்தில் குறையில்லை. சுக்கான் பூப்போல இருக்கும். இரண்டு பேர் ஏறினாலும் சமத்தாகப் போகும். கவிழ்ந்தால் நிமிரும், பழகுபவனை மன்னிக்கும். பாதி விலை என்பது நல்ல விலை. வாங்காதே.

பாண்டிச்சேரிக்குப் போய்ப் பார்ப்பதானால் மட்டும் ஒரு வேலை செய். கொஞ்சம் காற்று இருக்கும்போது ஓட்டிக் காட்டச் சொல். பலகை முனகுகிறதா என்று கேட்டுவிட்டு, முனகினால், பின் ஓரத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடு.