டொயோட்டா 86க்கு ஹெடர்: நம் வீதிக்குப் பொருந்துவது எது?

டொயோட்டா 86 என்ற ஸ்போர்ட்ஸ் காரை வைத்திருக்கும் ஒருவர், எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுசெல்லும் முதல் குழாய்த் தொகுதியான ஹெடரை மாற்ற நினைத்தவுடன் தேடத் தொடங்குவது உச்சக் குதிரைவலு எவ்வளவு கூடும் என்ற எண்ணைத்தான். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இருந்து இந்தக் காரை ஓட்டுபவருக்கு அந்த எண் ஏறக்குறையப் பயனற்றது என்பது என் உறுதியான கருத்து. கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று நீளும் ஏ4 வீதியில் ஊர்களுக்குள் மணிக்கு 50 கி.மீ., வெளியே 70 கி.மீ. என்பதே சட்டம் தரும் எல்லை. 4.1 இறுதி விகிதம் (சக்கரங்களுக்கு முன்னுள்ள கடைசிப் பற்சக்கர விகிதம்) கொண்ட ஆறு கியர் மெனுவல் காரை எடுத்துக்கொண்டால், இரண்டாம் கியரில் 50 கி.மீ. வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,800 சுற்றிலும், மூன்றாம் கியரில் 70 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 3,750 சுற்றிலும் நிற்கிறது. உச்ச வலு வருவதோ 7,000 சுற்றில். அந்த இடத்தை நாம் எப்போதாவது ஒரு முறை, அதுவும் சில விநாடிகளுக்குத் தொட்டுவிட்டுத் திரும்புகிறோம்.

இந்த எஞ்சின் மிகவும் சோர்ந்து நிற்கும் பகுதியும் அதே 3,500 முதல் 4,500 வரையான இடைவெளிதான். 2012இல் வெளிவந்த 86இன் எஃப்ஏ20 எஞ்சின், 86 மி.மீ. விட்டமும் 86 மி.மீ. வீச்சும் கொண்ட இரண்டு லீற்றர் பொக்ஸர், அதாவது சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்திருக்கும் வகை. 200 பிஎஸ் வலுவும் 205 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசையும் அதன் அறிவிக்கப்பட்ட அளவுகள். முறுக்குவிசைக் கோடு 3,000 வரை நன்றாக ஏறி, பிறகு ஒரு குழிக்குள் இறங்கி, 5,000ஐ நெருங்கும்போதுதான் மீண்டும் எழுகிறது. முந்திச் செல்ல அக்சிலேட்டரை மிதிக்கும்போது கார் ஒரு கணம் யோசிப்பது போலத் தோன்றுவதற்குக் காரணம் இந்தக் குழிதான். 2021இல் வந்த ஜிஆர்86இல் எஞ்சினை 2.4 லீற்றராகப் பெருக்கி, 250 நியூட்டன் மீற்றரை 3,700 சுற்றிலேயே கிடைக்கச் செய்தார்கள். பழைய காரின் குறை எங்கே இருந்தது என்பதை அந்த 3,700 என்ற எண்ணே காட்டிவிடுகிறது. ஆகவே சந்தையில் உள்ள ஹெடர்களை ஒப்பிடும்போது, இந்தக் குழியை எது நிரப்புகிறது என்பதையே முதல் அளவுகோலாக வைக்கிறேன்.

ஹெடர் என்பது புகையை வெளியேற்றும் வெறும் குழாய்க் கூட்டம் அல்ல. எக்ஸோஸ்ட் வால்வு திறந்ததும் புகையோடு ஓர் அழுத்த அலையும் குழாய்க்குள் ஓடுகிறது. குழாய்கள் ஒன்றுசேரும் இடத்தில் உட்பரப்பு திடீரென அகலமாவதால், அந்த அலையின் ஒரு பகுதி வெற்றழுத்த அலையாக வால்வை நோக்கித் திரும்புகிறது. உள்ளெடுக்கும் வால்வும் வெளியேற்றும் வால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் அந்தச் சிறிய நேரத்தில் இந்த அலை வந்து சேர்ந்தால், எஞ்சியிருக்கும் புகையை வெளியே இழுத்து, புதிய காற்று உள்ளே வரவும் வழிசெய்கிறது. நேரம் தவறி வந்தால் அதே அலை தடையாக மாறுகிறது. அலையின் வேகம் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க, வால்வின் நேரம் சுற்றுக்குச் சுற்று மாறுவதால், எந்தச் சுற்றில் உதவி கிடைக்கும் என்பதைக் குழாயின் நீளமும் விட்டமும் இணையும் முறையுமே தீர்மானிக்கின்றன.

நான்கு குழாய்களும் ஒரே இடத்தில் சேரும் நான்குக்கு ஒன்று வகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் பலன் ஒரு குறுகிய சுற்று எல்லைக்குள், பெரும்பாலும் உயர் சுற்றில், வலுவாகக் கிடைக்கிறது. கட்டுகுருந்தையில் பந்தயம் ஓடுபவருக்கும், எஞ்சினை 6,000க்குக் கீழே இறங்கவிடாமல் மலையேற்றப் போட்டிக்குப் போகிறவருக்கும் அது சரியான தெரிவு. காத்தான்குடிச் சந்தியில் பேருந்துக்குப் பின்னால் நின்று புறப்படுபவருக்கு அது எதையும் தராது. விட்டம் பெரிதான குழாய்களோடு வரும் வகைகளில் புகையின் வேகம் கீழ்ச் சுற்றில் குறைந்துவிடுவதால், இருந்ததும் போய்விடக்கூடும்.

உண்மையான போட்டி, இரண்டு படியாக இணையும் நான்கு-இரண்டு-ஒன்று வகைக்குள், சம நீளக் குழாய்களுக்கும் சமமற்ற நீளக் குழாய்களுக்கும் இடையில்தான் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள எஞ்சின் எரியும் வரிசையைப் பார்க்க வேண்டும். எஃப்ஏ20இல் 1, 3 ஆகிய சிலிண்டர்கள் ஒரு பக்கத்திலும் 2, 4 ஆகியவை மறுபக்கத்திலும் படுத்திருக்கின்றன. எரியும் வரிசை 1-3-2-4. அதாவது ஒரு பக்கத்தின் இரண்டும் அடுத்தடுத்து எரிந்த பின்னரே மறுபக்கத்தின் முறை வருகிறது. ஒரே பக்கத்துக் குழாய்கள் இரண்டையும் முதலில் சேர்த்தால், கிராங்க் தண்டின் சுழற்சியில் 180 பாகை இடைவெளியில் இரண்டு புகை அடிகளும், பிறகு 540 பாகை நீள வெறுமையும் அந்த இணைப்புக்கு வந்து சேரும். முதல் அடி அடங்கும் முன்னரே இரண்டாவது அதன் மேல் மோதும். மாறாக 1ஐ 2உடனும் 3ஐ 4உடனும் எஞ்சினுக்கு அடியில் குறுக்கே கொண்டுவந்து இணைத்தால், ஒவ்வொரு இணைப்புக்கும் 360 பாகைக்கு ஒரு தடவை ஒழுங்காக அடி வரும். ஒரு சிலிண்டரின் புகை இன்னொன்றின் வேலையைக் கெடுக்காது. திரும்பி வரும் அலையும் அகலமான ஒரு சுற்று எல்லைக்குப் பயன்படும். நல்ல சம நீள ஹெடர் இதைத்தான் செய்கிறது, அதனால்தான் நடுச் சுற்றுக் குழியை நிரப்புவதில் அது முன்னிற்கிறது. எச்.கே.எஸ். நிறுவனம், புகையின் நச்சைக் குறைக்கும் கெட்டலிட்டிக் கொன்வேட்டரையும் உள்ளடக்கிச் செய்யும் சூப்பர் மனிபோல்ட் இந்த வரிசையில் வருவது.

சமமற்ற நீள ஹெடரை வாங்குபவர் பெரும்பாலும் அதன் குரலுக்காகவே வாங்குகிறார். பழைய சுபாரு இம்பிரெசாவின் விட்டுவிட்டு உறுமும் அந்த ஒலி, ஒரு பக்கத்துப் புகை மறுபக்கத்தைவிட நீண்ட வழி வந்து, சேருமிடத்தை ஒழுங்கற்ற இடைவெளியில் அடைவதால் பிறப்பது. 86 தொழிற்சாலையிலிருந்து அந்த உறுமல் இல்லாமலே வருகிறது. டொமெய் போன்ற நிறுவனங்கள் இந்த வகையைத் தரமாகச் செய்கின்றன. அதற்கேற்ற டியூனோடு, அதாவது எஞ்சின் கணினியின் அமைப்பை மாற்றுவதோடு, சேரும்போது, குழியின் ஆழத்தை அதுவும் ஓரளவு குறைக்கும். ஆனால் உயர் சுற்றில் சம நீளத்துக்குப் பின்தங்கிவிடுகிறது. அந்தக் குரல் அழகானது என்பதை நான் மறுக்கவில்லை. எனினும் வீடும் கோயிலும் பள்ளிவாசலும் வீதியோரமாகவே நெருங்கி நிற்கும் எழுவான்கரையில், இரவு பத்து மணிக்குமேல் அதே குரல் அயலவருக்குத் தொல்லை. 2025இன் தொடக்கத்திலிருந்து சத்தமிடும் எக்ஸோஸ்ட்டுகளைப் போக்குவரத்துப் பொலிஸார் கூடுதலாகக் கவனிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

கெட்டலிட்டிக் கொன்வேட்டர் இருக்கும் ஹெடரா, இல்லாததா என்பது அடுத்த பிரிவு. 86இல் முதலாவது கொன்வேட்டர் ஹெடருக்குள்ளேயே இருக்கிறது. இரண்டாவது அதன் பின்னால் வரும் முன்குழாயில் இருக்கிறது. சந்தையில் கிடைக்கும் பல ஹெடர்கள் முதலாவதை முற்றாக நீக்கிவிடுகின்றன. வலு கூடுவதில் ஒரு பகுதி இந்த நீக்கத்தால் வருவது என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் புகை நாற்றம் காருக்குள் வரும், கொன்வேட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்னும் பி0420 குறியீட்டுடன் எஞ்சின் விளக்கு எரியும், எல்லாவற்றுக்கும் மேலாக வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க ஆண்டுதோறும் எடுக்க வேண்டிய புகைப் பரிசோதனை இருக்கிறது. பெற்றோல் வாகனங்களில் அங்கே அளக்கப்படுவது காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும். இரண்டையும் எரித்துக் குறைப்பதே கொன்வேட்டரின் வேலை. இரண்டாவது கொன்வேட்டர் எஞ்சினிலிருந்து தள்ளி இருப்பதால் சூடேறத் தாமதமாகிறது. குறைந்த தடையுள்ள உலோகக் கொன்வேட்டரோடு வரும் ஹெடருக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவழிப்பதே நேர்மையான வழி என்று நினைக்கிறேன். நம் பிள்ளைகள் மூச்சுவிடும் காற்றைப் பற்றிய விடயம் இது. சில குதிரைவலுவுக்காக அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

வெளிநாட்டு ஒப்பீடுகள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடும் உலோகத்தைப் பற்றி, நாம் நின்று பேச வேண்டியிருக்கிறது. கல்லடியிலிருந்து கல்லாறு வரை ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தில், காற்றே உப்போடு வருகிறது. மலிவாகக் கிடைக்கும் சாதாரண உருக்கு ஹெடர், அதன் பூச்சு ஓரிடத்தில் உரிந்ததும் அங்கிருந்து துருவேறத் தொடங்கும். 409 ரக உருக்கில் குரோமியம் ஏறத்தாழ 11 வீதம்தான். மேற்பரப்பு செம்பழுப்பாக மாறினாலும் ஓட்டை விழ நாளெடுக்கும். 304 ரகத்தில் குரோமியம் 18 வீதமும் நிக்கல் 8 வீதமும் இருப்பதால் நம் கரைக்கு அதுவே பொருத்தம். அதற்கும் இரண்டு பலவீனங்கள் உண்டு. உப்பிலுள்ள குளோரைட் காலப்போக்கில் அதிலும் ஊசிமுனைக் குழிகளை உண்டாக்கும். இதற்கு மழைக்காலம் முடிந்ததும் அடிப்பகுதியை நன்னீரால் கழுவுவதே மருந்து. மேலும் சூடேறும்போது 304 சாதாரண உருக்கைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரிவதால், விரிவுக்கு இடம்கொடுக்கும் நழுவு இணைப்புகள் இல்லாத ஹெடரில் வெல்டிங் ஓரங்கள் பிளக்கலாம். படத்தைப் பார்த்து வாங்குபவர் கட்டாயம் கவனிக்க வேண்டியது இந்த இணைப்புகளைத்தான்.

வெப்பம் எஞ்சின் அறைக்குள் பரவாமல் இருக்க ஹெடரைச் சுற்றித் துணிநாடா கட்டும் வழக்கம் ஒன்று உண்டு. வறண்ட நாடுகளில் அது பொருந்தலாம். இங்கே அந்த நாடா மழைநீரையும் உப்பையும் உறிஞ்சி உலோகத்தோடு ஒட்டவைத்துக்கொண்டிருக்கும். உள்ளே நடப்பது கண்ணுக்கும் தெரியாது. செரமிக் பூச்சு விலை கூடினாலும் அந்தக் கேட்டைச் செய்வதில்லை. கார்த்திகை, மார்கழி மாதங்களில் தாழ்ந்த வீதிகளில் நீர் தேங்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. பொக்ஸர் எஞ்சினில் ஹெடர் எஞ்சினுக்கு அடியிலேயே கிடக்கிறது. காரின் அடியுயரமோ 130 மி.மீ. மட்டுமே. சூடான ஹெடரோடு நீருக்குள் இறங்குவது எந்த உலோகத்துக்கும் நல்லதல்ல. சில மலிவான ஹெடர்களின் சேர்க்கைப் பகுதி தொழிற்சாலை ஹெடரைவிடத் தாழ்ந்து தொங்கும். வீதியில் உயர்த்திக் கட்டப்பட்ட முதல் வேகத்தடையே அதற்கு எமனாகிவிடும்.

உள்ளூர்ப் பட்டறையில் குழாய் வளைத்துச் செய்விக்கலாமே என்ற கேள்வி எழும். நம் பகுதி வெல்டிங்காரரின் கைத்திறனில் எனக்கு நிறைய மதிப்பு உண்டு. பின்பகுதிக் குழாயும் சைலன்சரும் அவர்களிடம் தாராளமாகக் கொடுக்கலாம். ஹெடருக்கு வேண்டியது வேறு. வளைவில் நசுங்காத குழாய், உட்புறத்திலும் ஆகன் வாயு செலுத்திச் செய்யும் டிக் வெல்டிங், தலைப்பகுதியோடு மி.மீ. பிசகாமல் பொருந்தும் தடித்த விளிம்புத் தட்டு, நான்கு குழாய்க்கும் ஒரே நீளம் ஆகியவை ஒன்றுசேர வேண்டும். இவற்றைத் தரும் கருவிகள் உள்ள பட்டறை கிடைத்தால் செய்விக்கலாம். இல்லாவிட்டால் கொழும்பில் வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் தேடி, பாவித்த ஜப்பான் ஹெடர் ஒன்றை வெடிப்பும் ஒட்டும் இல்லாமல் பார்த்து வாங்குவது மேல்.

எந்த ஹெடரைப் பூட்டினாலும், எஞ்சினை இயக்கும் கணினியான ஈ.சீ.யு.வை அதற்கேற்ப டியூன் செய்யாவிட்டால் குழியின் பெரும்பகுதி அப்படியே இருக்கும். குழி உண்டாவதில் புகைக்குழாயோடு, உள்ளெடுக்கும் பக்கமும் வால்வு நேரமும் சம்பந்தப்பட்டிருப்பதே காரணம். ஈ.சீ.யு.டெக் போன்ற மென்பொருள்களால் வால்வு நேரத்தையும் எரிபற்றும் நேரத்தையும் மாற்ற முடிகிறது. இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. இந்த எஞ்சினின் அமுக்க விகிதம் 12.5, ஜப்பானில் உயர்ரகப் பெற்றோல் பொதுவாக ஒக்டேன் 100ஆக விற்கப்படுகிறது, நமக்குப் பெரும்பாலும் கிடைப்பது 92உம் 95உம். ஜப்பானிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ தரவிறக்கிய டியூனை அப்படியே ஏற்றாமல், 95இல் ஓடவிட்டுத் தட்டலை (பெற்றோல் நேரம் தவறித் தானாக எரிவதை) கவனித்து, நம் வெக்கையிலேயே சரிசெய்யத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். 92 ஊற்றி ஓட்டுவதானால் ஹெடரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஆகவே செங்கலடியிலிருந்து மஹாஓயா, பிபிலை, லுணுகலை வழியாகப் பதுளைக்கு ஏறும் ஏ5 வீதியும், நாள்தோறும் ஏ4உம் ஓடும் ஒருவருக்கு என் தெரிவு, கொன்வேட்டர் உள்ள, 304 உருக்கில் செய்த, சம நீள நான்கு-இரண்டு-ஒன்று ஹெடரும் அதற்கான டியூனும். ஏ5இன் வளைவுகளில் இரண்டாம், மூன்றாம் கியருக்குள் ஏறும்போது இதன் பலன் மிதியடியிலேயே தெரியும். இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இல்லாவிட்டால், தொழிற்சாலை ஹெடரை வைத்துக்கொண்டு டியூனை மட்டும் முதலில் செய்துகொள்வது, டியூன் இல்லாத விலைகூடிய ஹெடரைவிட நல்ல வாங்கல்.

பூட்டும்போது, ஹெடருக்கும் எஞ்சினுக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் காஸ்கட்டைப் புதிதாகவே போட வேண்டும். உப்புக் காற்றில் இறுகிய பழைய நட்டுகளைக் கழற்ற முதல்நாளே துருநீக்கி எண்ணெய் விட்டுவைக்க வேண்டும். முன்பக்க ஒட்சிசன் சென்சரைக் கழற்றும்போது அதன் வயர் முறுகாமல் பார்க்க வேண்டும். சில நாள் ஓடி, ஹெடர் பல தடவை சூடேறி ஆறிய பின்னர், குளிர்ந்த நிலையில் எல்லா நட்டுகளையும் மீண்டும் ஒரு முறை இறுக்கிப் பார்க்கவும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக்டிக் என்று கேட்டு, எஞ்சின் சூடேற அது மறைந்துவிட்டால், காஸ்கட் ஓரமாகப் புகை கசிகிறது என்று அர்த்தம். அந்தக் கசிவு வழியே நுழையும் காற்று சென்சரை ஏமாற்றி டியூனையே கெடுத்துவிடும் என்பதால், அதைச் சரிசெய்யும்வரை உயர் சுற்றுக்குப் போக வேண்டாம்.